கதவு நன்றாக மூடும் அலமாரி

பீஸ்டன், நாட்டிங்ஹம்
மார்ச் 9, செவ்வாய்

அன்புள்ள ஜெத்ரோவுக்கு,

நான் நலம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உளியில் கையை வெட்டிக்கொள்ளாமல் நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவைப் பற்றியும் அதே வார்த்தையை எழுத முடிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். அவருடைய கட்டிலைக் கீழே முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டோம், இந்த வீட்டில் எங்கே நின்று பேசினாலும் அவர் காதில் விழும். அதோடு போனில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும், முக்கியமானதை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசி வைத்துவிடுவேன். அதனால் ஆவணக் காப்பகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து கையால் எழுதுகிறேன், எழுதி முடித்ததும் இங்கேயே ஸ்கேன் செய்து அனுப்பிவிடுவேன். நியூசிலாந்துக்குத் தபால் வந்து சேரும்வரை காத்திருக்க நாள் இல்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி மாதக் கணக்கில் யோசிக்க வேண்டாம், வாரக் கணக்கில் யோசியுங்கள் என்றார். கணையத்தில் இருந்தது இப்போது ஈரலுக்கும் போய்விட்டது. சூப் மட்டும் இறங்குகிறது, அதுவும் டோரீன் அத்தை கொண்டுவந்தால்தான், நான் வைத்தால் உப்பில்லை என்கிறார். அத்தை தினமும் பத்து மணிக்கு வந்து நர்ஸோடு ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் கோட்டைக் கழற்றுகிறாள். நேற்று, "இந்தப் பொண்ணு கை ஐஸ் மாதிரி இருக்குடா ராய்ஸ்டன், பொணத்தைத் தொடுறவ கை மாதிரி" என்றாள். அப்பா கண்ணைத் திறக்காமலே, "கொஞ்சம் பொறு டோரீன், அந்த வேலைக்கு வேற ஆள் வருவாங்க" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டாள். அத்தை சமையலறைக்கு வந்து தேநீர்க் கெட்டிலின் முன்னால் நெடுநேரம் நின்றாள், ஆனால் அதை அடுப்பில் வைக்கவில்லை. படகு வேலை முடிந்து ஜூலையில் வருகிறேன் என்றாய். ஜூலை பயன்படாது ஜெத்ரோ. இந்த மாதம் முடிவதற்குள் வா.

நீ வரத் தயங்குவதற்குக் காரணம் படகு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன் போனில், அப்பாவின் பொம்மைப்போர் கிளப்பிலிருந்து டெஸ்மண்ட் பாஸ்க் உனக்கு எழுதியிருந்ததைச் சொன்னாய், உன் அப்பா நாலு வருஷமாகத் தன் சாமுராய்ப் படையைக் கண்ணில் காட்டவில்லை, படை பென்ஷன் வாங்கிவிட்டது போல என்று. அதற்குப் பிறகு நீ சொன்ன வார்த்தை என்னை இன்னும் விடவில்லை. "என்னைத் தூக்கிப் போட்ட மாதிரியே நான் செஞ்ச அலமாரியையும் எங்கயோ தூக்கிப் போட்டிருக்காரும்மா, அதைப் பாக்கவா நான் வரணும்" என்றாய். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அந்த மௌனத்தை நீ ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். அது ஒரு சத்தியத்தால் வந்த மௌனம். அந்தச் சத்தியத்தை இப்போது, அவர் உயிரோடு இருக்கும்போதே, உடைக்கிறேன். அவர் போன பிறகு உடைத்தால் அது உனக்குத் தண்டனையாக மட்டுமே இருக்கும்.

நீ அலமாரியைக் கொண்டுவந்த நாளை நினைத்துப் பார். பொம்மை வார்ப்புக் கூடத்தில் அப்பா தன் பக்கத்திலேயே உனக்கு ஓர் இடம் பேசிவைத்திருந்தார், நீ தச்சுவேலைதான் என்றாய், "மரத்தைச் சீவிப் பொழைக்கப் போறியா, போ, சீவு" என்றார், அதற்குப் பிறகு மூன்று மாதம் நீங்கள் இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டீர்கள். பிறகு நீ ஊரைவிட்டுப் போக இரண்டு வாரம் இருக்கையில் அந்த ஓக் அலமாரியோடு வந்து நின்றாய். ஒன்பது தட்டு, ஓர் ஆணி கிடையாது. அவர் சுற்றிச்சுற்றி வந்தார், மூலைகளைத் தடவினார், கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, "கதவு நல்லா மூடுது" என்றார், வேறு ஒரு சொல் வரவில்லை. உனக்கு அது போதவில்லை என்று உன் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் நீ நின்றுகொண்டே இருந்தாய், அவர் தன் வீரர்களை எடுத்து அடுக்குவதைப் பார்க்க. அவரும் அடுக்கினார். இருநூற்று நாற்பது பேர், ஒவ்வொருவரும் கட்டைவிரல் உயரம், எல்லாம் அவர் கையால் ஈயத்தில் வார்த்து, கவசக் கயிறு ஒவ்வொன்றையும் நீலத்தில் தனித்தனியாக இழுத்தவை. முதலில் கண்ணை வரை, கண் சரியாக வந்தால்தான் மீதி உடம்புக்குப் பெயிண்ட் என்று உனக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். நீ ஏழு வயதில் வீரர்களின் காலடிப் பலகைகளில் மணல் ஒட்டியதும், முதுகுக் கொடிகளுக்குக் காகிதம் வெட்டியதும் அந்தப் படைக்குத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் இங்கே காப்பகத்துக்கு ஒரு பழைய தேவாலயத்தின் பத்திரப் பெட்டி வந்தது. உள்ளே ஈய முத்திரை தொங்கும் பத்திரங்கள். எங்கள் தலைமை அலுவலர் பெட்டியைப் பார்த்ததுமே, ஓக் மரம், உடனே எல்லாவற்றையும் வெளியே எடு என்றார். ஓக் தன்னுள்ளிருந்து புளிப்பான ஆவியை விட்டுக்கொண்டே இருக்குமாம், புது மரம் இன்னும் அதிகமாக. மூடிய இடத்தில் அது ஈயத்தைத் தின்று வெள்ளைப் பொடியாக்கிவிடும். அந்த முத்திரைகளில் ஒன்று என் கையுறையிலேயே உதிர்ந்தது. வீட்டுக்கு வந்து நேராக மாடிக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். மேல் தட்டில் நின்றவர்களுக்கு அம்மை போட்டது போலப் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. கீழ்த் தட்டுகளில் பாதிப் பேர் கணுக்காலில் முறிந்து படுத்திருந்தார்கள், அவர்களைச் சுற்றி மாவு சிந்தினாற்போல வெள்ளை. ஒருவனை எடுக்கப் போனேன், கொடி என் கையோடு வந்தது, ஆள் வரவில்லை.

அப்பா அந்த அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொல்லப் போவதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். அவர் உள்ளே வந்து கதவை மூடினார். "தெரியும் ப்ரையனி. அன்னைக்கே தெரியும். முப்பது வருஷமா ஈயம் ஊத்துறவனுக்கு ஓக் வாசனை தெரியாதா? எங்க கூடத்துல புதுசா வர்றவனுக்கு நாங்க சொல்ற முதல் விஷயமே அதுதான்" என்றார். பிறகு ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். "அவன் நின்னுகிட்டு இருந்தானே" என்றார். நீ போனதும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாராம். ஆனால் போய்ச் சேர்ந்த முதல் வாரம் நீ போன் செய்து, பொம்மையெல்லாம் அதில்தானே இருக்கு என்று கேட்டிருக்கிறாய். ஆமாம் என்றாராம். சொன்னது சொன்னதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகும் மாதம் ஒருமுறையாவது நீ கேட்டிருக்கிறாய். கதவைக் கொஞ்சம் திறந்தாவது வைத்திருக்கலாமே, காற்றாவது போயிருக்குமே என்றேன். "நல்லா மூடுற கதவுடி அது. அதைப் போய் எதுக்குத் திறந்து வைக்கணும்" என்றார்.

உனக்குத் தெரியக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். "அவன் நல்ல தச்சன். கத்துக்கிட்ட கையோட செஞ்ச முதல் வேலையே அப்பன் படையைத் தின்னுடுச்சுன்னு தெரிஞ்சா அடுத்த பலகையைத் தொடும்போது கை நடுங்கும். நடுங்குற கையில உளி நிக்காது" என்றார். கிளப்பில் டெஸ்மண்ட் கேட்கும்போதெல்லாம், மறுபடி பெயிண்ட் அடிக்க எடுத்துவைத்திருக்கிறேன் என்று ஒரே பொய். "நாலு வருஷமாடா அடிக்கிற? ஜப்பானுக்கே போய்ப் பெயிண்ட் வாங்கிட்டு வந்திருக்கலாமே" என்று அவர்கள் கேலி செய்வார்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த படை முதல் ஆட்டத்தில் களத்தைவிட்டு ஓடிவிடும் என்று அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை உண்டல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு, "அடிச்சா ஓடிடும், அதான் அடிக்காம வச்சிருக்கேன்" என்று சமாளித்துவிட்டு வருவார். வந்து கோட்டோடு மாடிக்குப் போய்விடுவார்.

நீயே உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வாய் என்று பயமாக இருக்கிறது. வேண்டாம். பதினெட்டு வயதுப் பையனுக்குத் தெரியாத ஒன்றை ஐம்பத்தேழு வயதுக்காரர் தெரிந்தே செய்தார். அது தியாகமா பிடிவாதமா என்று நானும் இரண்டு வருஷமாக யோசிக்கிறேன், இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஒரு வாக்கியம் சொல்ல வராமல் இருநூற்று நாற்பது பேரைக் கொடுத்த மனிதரோடு நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன், சில நாள் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் அவர் உன் அலமாரியைத் தூக்கிப் போடவில்லை. அதை மட்டும் நீ நம்ப வேண்டும். கட்டிலைக் கீழே கொண்டுவந்தபோது கூடவே அதையும் கொண்டுவரச் சொன்னார், டெஸ்மண்டும் அவர் மகனும் தூக்கி வந்தார்கள், உள்ளே என்ன என்று அவர்களைத் திறக்க விடவில்லை. தலைமாட்டில் நிற்கிறது.

போன ஞாயிறு மதியம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, நிற்கக்கூடியவர்களை எல்லாம் எடு என்றார். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு எடுத்தேன், அந்தப் பொடி விஷம். பதினேழு பேர் நின்றார்கள். ஒரு தேநீர்த் தட்டில் அந்த ஆற்றங்கரைச் சண்டையை அடுக்கச் சொன்னார், நீங்கள் ஞாயிறுதோறும் ஆடியதை. முக்காலியில் உட்கார்ந்த தளபதியை நடுவில் வைத்தேன். அவர் கையில் இருந்த இரும்பு விசிறி உதிர்ந்துவிட்டது, மணிக்கட்டு மட்டும் தூக்கினபடி இருக்கிறது. வெள்ளை முக்காடு போட்ட குதிரைக்காரன் கூடாரத்துக்குள் பாய்ந்து வாளை வீசுவான், தளபதி எழுந்திருக்காமலே விசிறியால் தடுப்பார், அதுதானே கதை. குதிரைக்காரன் எப்போதும் நீதான். உட்கார்ந்திருப்பது எப்போதும் அவர்தான். எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன், நீ பாயாமல் இருந்ததில்லை, அவர் எழுந்து வந்ததில்லை. எதிர்ப்பக்கம் வைக்கக் குதிரைக்காரனைத் தேடினேன். மூன்றாம் தட்டில் அவன் இடத்தில் பொடிகூட இல்லை, சுத்தமான மரம். "தேடாதே" என்றார் அப்பா. "கிளம்புற அன்னைக்கே அவன் எடுத்துட்டுப் போயிட்டான். நான் பாத்தேன், பாக்காத மாதிரி இருந்தேன். நல்லதாப் போச்சு, ஒண்ணாவது மிஞ்சுச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னும் வச்சிருப்பானா?" என்று கேட்டார். அந்தத் தேநீர்த் தட்டை எடுக்க விடவில்லை, இன்னும் ஜன்னலோரம் அப்படியே இருக்கிறது, எதிர்ப்பக்கம் காலியாக.

வரும்போது கம்பளிச் சட்டை எடுத்துக்கொள், இங்கே குளிர் இன்னும் போகவில்லை. விமானத்தில் தண்ணீர் குடி. அவரைப் பார்த்ததும் முகத்தில் எதையும் காட்டிவிடாதே, ரொம்ப இளைத்திருக்கிறார், கை குச்சியாகிவிட்டது. உனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம், சத்தியத்தை உடைத்தவள் நான், திட்டு எனக்கே இருக்கட்டும். அத்தை தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். கும்பிடத் தெரியாதவள் நான், ஆனாலும் உன் கை உறுதியாக இருக்க வேண்டும், நீ தொடுகிற மரமெல்லாம் உனக்கு நன்மையாகவே முடிய வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன், அதை என் ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்.

குதிரைக்காரன் உன்னிடம் இருந்தால் மறக்காமல் கொண்டு வா. பஞ்சில் சுற்றித் தகர டப்பாவில் வை. உனக்குச் செய்யத் தோன்றும், ஆனால் மரப்பெட்டி வேண்டாம்.

என்றும் உன் நினைவில்,
அம்மா
ப்ரையனி