நான் அடித்த பச்சை டாங்கி

மச்சான்,

இன்று காலை பல்ப் ஒன்று வாங்கப் பாமன்கடைச் சந்தியில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவர் ஸ்பிரே டின் ஒன்றைக் காதருகே பிடித்துக் குலுக்கினார். உள்ளே இருக்கும் சின்னக் குண்டு கடகடவென்று உருண்டது. பிறகு ஒரு மட்டைத் துண்டில் கொஞ்சம் அடித்தும் பார்த்தார். அந்த மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், பல்ப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டேன். நாற்பத்தேழு வயது மனுஷன் பெயின்ற் மணத்துக்குப் பயந்து ஓடுவதைப் பார்த்திருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

உன் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் டாங்கியைக் கழற்றி, வெள்ளவத்தையில் நம் ஃபிளாட்டின் மொட்டைமாடிக்குக் கொண்டு போனது என் யோசனைதான். உன் மனைவி வசந்தி இரத்மலானையில் தங்கை வீட்டில் நின்றா. அவ வருவதற்குள் கறள் பிடித்த டாங்கியைப் புதிதாக்க வேண்டும். நான் அதுவரை ஒரு கதிரைக்குக்கூடப் பெயின்ற் அடித்ததில்லை. ஃபோனில் மூன்று வீடியோ பார்த்திருந்தேன், அவ்வளவுதான். ஆனால் என் கதையைக் கேட்டவர்கள் ஏதோ கராஜில் பிறந்து வளர்ந்தவன் என்று நினைத்திருப்பார்கள். உடுப்புக் காயப்போடும் கம்பியில் டாங்கியைத் தொங்கவிட்டு, உன்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பச்சை ஸ்பிரே அடித்தேன். பாதிப் பச்சையைக் கடல் காற்று என் சேட்டில் கொண்டு வந்து பூசியது. டின்னைக் கிட்டப் பிடித்த இடங்களில் பெயின்ற் வழிந்தது.

நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "மச்சான், பெற்றோல் பட்டா ஒண்டும் செய்யாதோ?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒண்டும் செய்யாது. நான் எல்லாம் விசாரிச்சனான்" என்றேன். நீ நம்பினாய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வசந்தியை ஏற்றிக்கொண்டு, வழக்கம்போலக் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போனாய். வழியில் பெற்றோல் அடித்தபோது மூடி வாயால் கொஞ்சம் வழிந்திருக்கிறது. கோயிலடியில் இறங்கும்போது மூடியைச் சுற்றிப் பெயின்ற் பாலாடை போலச் சுருங்கிக் கிடந்ததாம். உன் வெள்ளைக் காற்சட்டையெல்லாம் பச்சையாம். "எந்தக் கராஜில குடுத்தனீங்கள்?" என்று வசந்தி கேட்க, "நான்தானப்பா அடிச்சனான்" என்று சொல்லியிருக்கிறாய். என் வாய்ச்சவடால் அவவுக்கு ஏற்கெனவே பிடிக்காது. என்னை ஏசுவா என்று பயந்துதான் சொன்னாய்.

அன்று பின்னேரம் தேநீர்க்கடையில் நம் கூட்டாளிகள் டாங்கியைச் சுற்றி நின்று சிரித்தார்கள். "யாரடா இந்த வேலை பார்த்தது?" என்று ஒருவன் கேட்டான். நான் நிலத்தைப் பார்த்தேன். "நான்தான்டா, அவசரப்பட்டிட்டன்" என்றாய் நீ. அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நான் அப்பவே சொன்னனான், இவன் கேட்டாத்தானே!" என்றேன். எல்லோரும் இன்னும் கூடச் சிரித்தார்கள். நானும்தான். நீ என்னை ஒரு தரம் பார்த்தாய், பிறகு உன் பிளேன்டீயைக் குடித்தாய். அதைப் பற்றி ஒருநாளும் நீ கேட்கவில்லை. நாளைக்கு மன்னிப்புக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று நான் இரண்டு வருஷம் கடத்தினேன். பிறகு ஒரு காலையில் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

போன மாதம் வசந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றே போனேன். கீழே பார்க்கிங்கில் உன் மோட்டார் சைக்கிள் உறை போட்டு நிற்கிறது. அதனடியில்தான் அவவைக் கண்டேன். நேரே சொல்லத் துணிவில்லாமல், "நல்ல இடத்தில குடுத்து இந்த டாங்கியைச் சரியாக்கித் தரட்டோ?" என்று தொடங்கினேன்.

"ஐயோ வேண்டாம் அண்ணா. இது அவர் தன்ர கையால அடிச்சது" என்று சொல்லி உறையை விலக்கினா. "இஞ்ச பாருங்கோ."

டாங்கியின் பக்கவாட்டில், பெயின்றுக்குள் ஒரு பெருவிரல் ரேகை. காய்ந்துவிட்டதா என்று பொறுமையில்லாமல் நான் அழுத்திப் பார்த்த இடம். வசந்தி தன் விரலை அதற்குள் மெதுவாக வைத்தா.

"ஒவ்வொரு நாளும் இதைத் தொட்டிட்டுத்தான் வேலைக்குப் போறனான். அவரின்ர விரல்தானே அண்ணா?"

என் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். "ஓம்" என்றேன்.

வெட்கமாக இருக்கிறது மச்சான். அன்று தேநீர்க்கடையில் உன் மேல் போட்ட பழியை இனி எடுக்கவும் முடியாது. எடுத்தால், அவவிடம் மிஞ்சியிருக்கும் உன் விரலையும் சேர்த்தல்லவா எடுக்க வேண்டும்.