பாதி வேகத்தில் கற்ற சோலோ

லெஸ்லி,

மீன் சம்பால் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள். அம்மா கோயிலுக்கு, நொவேனா ஜெபத்துக்குப் போயிருக்கிறாள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

உன் த்ராஷ் மெட்டல் பாட்டின் கிட்டார் சோலோவை எட்டு மாதமாக, ரேடியோகிராமின் வேகத்தை முப்பத்து மூன்றிலிருந்து பதினாறுக்குத் திருப்பி, இசைத்தட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுத்தான் கற்றேன். அந்த வேகத்தில் ஒரு சுரம் பிசகாது. நேற்று சரியான வேகத்தில் போட்டு, கூடவே வாசித்தேன். நான் முதல் வரியில் இருக்கும்போதே தட்டு பாட்டை முடித்து, எழுந்து, கோப்பி குடிக்கப் போய்விட்டது. அம்மாவைக் கேள், அவளும் பார்த்தாள்.

"ஃபுல் ஸ்பீட்ல வாசிங்கப்பா, எங்க பேண்ட்ல சேத்துக்கிறேன் லா" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், தெரியும். இந்த விரல்களுக்கு அறுபத்து மூன்று வயது. இனி ஆகாது. கிட்டாரை உன் கட்டில் மேல் வைத்துவிட்டேன். வேறு ஆள் பார்த்துக்கொள்.

உன் நீளமுடியை நான் வெட்டவைத்த நாளிலிருந்து நீ என்னிடம் பேசியது இந்த சோலோவைப் பற்றி மட்டும்தான். அதனால்தான் இத்தனை நாள் விடாமல் வாசித்தேன்.

அப்பா

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: புக்கிட் மேராவில் சவரிராஜ் மாமா வீட்டுக்குப் போகிறேன், ஏழு மணிக்கு வந்துவிடுவேன். கதவுச் சத்தம் கேட்டதும் தூங்குவதுபோல் படுத்துவிடாதே.