லவீனாவை அவிழ்த்துவிடு

மகன் ஆர்வெலுக்கு,

நம் சபையை நடத்துகிறவன் என்று ஊரே உன்னை பிஷப் என்கிறது. நான் அப்படி எழுத மாட்டேன்.

உன் தங்கை லவீனாவின் மண்டையை அவள் புருஷன் மண்வெட்டியால் பிளந்தான். பிறகு தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தான். சமையலறைச் சுவரைக் கழுவியவன் நான். கல்யாணத்தன்று கோயிலில் நம் சபை அவர்களுக்குப் போட்ட நித்தியக் கட்டு செத்த பிறகும் நிற்கிறது. மறுமையிலும் அவள் அவன் மனைவிதான். அதை ரத்து செய்யும்படி சபைத் தலைமைக்கு உன்னை எழுதச் சொன்னேன்.

"கர்த்தர் பாத்துப்பாருப்பா. இப்ப எதுக்கு அவசரம்?" என்றாய்.

உதடு கிழிந்து வந்தவளிடம், "பொறுத்துப் போ லவீ, நித்தியத்துக்கும் சேந்தவங்க நீங்க" என்று சொல்லி அனுப்பியவனும் நீதான்.

வரும் ஞாயிறு சாட்சி சொல்லும் கூட்டம். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். அதற்குள் நீ எழுதாவிட்டால், நீ அவளிடம் சொன்ன அந்த வார்த்தைகளை உன் பக்கத்தில் நின்று சபைக்குச் சொல்வேன்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவன்