லேப் அம்மா வீட்டுத் தண்ணீர்

என் அன்புள்ள கப்பல்காரருக்கு,

இங்கே நான், அத்தை, நம் வாயாடி மகள் மூவரும் நலம். நீங்களும் அந்த எஞ்சின் அறைச் சூட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் அத்தை என் தோளை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். இது அத்தையைப் பற்றிய சங்கதி. கம்பெனி ஏஜெண்டிடம் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்குச் சேர்ந்துவிடுமாம்.

முதலில் ஊர் நிலவரத்தைச் சொல்கிறேன். ஏரி வறண்டு கிடந்த அந்தக் கோடையில் எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தைத் திறந்தார்களே, நினைவிருக்கிறதா? வீடுகளின் கழிவுநீரையே பல கட்டமாக வடிகட்டி, ஏரியில் கலந்து, மறுபடியும் சுத்தம் செய்து குழாயில் விடுகிறோம் என்று ஒளிக்காமல் சொல்லித்தான் திறந்தோம். ஊரே கைதட்டியது. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து நான் தண்ணீர் சோதிக்கிற லேபைச் சுற்றிக் காட்டினார்கள். முனைத் தையல்கடைக்காரர் என்னைப் பார்த்தாலே கும்பிடுவார்.

இந்த வருடம் மழை கொட்டித் தீர்த்து ஏரி நிரம்பிவிட்டது. தாகம் அடங்கியதும் எல்லோருக்கும் மூக்கு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. தண்ணீர் நாறுகிறதாம். அது குளோரின் வாடை, எந்த ஊர்க் குழாயிலும் வரும் என்று விளக்கினால், "சம்பளம் வாங்குறவங்க வேற எப்படிப் பேசுவீங்க" என்கிறார் அதே தையல்கடைக்காரர். வந்த கோபத்தில் தைக்கக் கொடுத்திருந்த துணியைத் திருப்பி வாங்கிவந்துவிட்டேன். பாதி தைத்த துணி. இப்போது போடவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் குடிநீர்க் குழாய்களுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். போய்க் கேட்டேன். தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. "எனக்கு ஒரு சந்தேகமும் இல்லைம்மா, ஆனா பெத்தவங்க வந்து நிக்கிறாங்க, நான் என்ன பண்றது" என்றார். வாயாடி அறிவியல் கண்காட்சிக்குச் செய்த வடிகட்டியையும் மேசைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டார்களாம். வகுப்பில் அவளைச் சாக்கடை என்று கூப்பிடுகிறார்கள். அவள் யார் பிள்ளை, விடுவாளா? "நான் தினமும் எங்க அம்மா தண்ணிதான் குடிக்கிறேன், எனக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். கேட்டபோது சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

நிலையத்தையே மூடிவிடலாமா என்று முடிவு செய்ய நகராட்சிக் கூட்டம் வரப்போகிறது. மூடினால், ஏரியிலும் கழிவுநீர் கலந்திருக்கிறது என்று பழையபடி ஆற்று நீரை லாரியில் கொண்டுவருவார்களாம். அந்த ஆற்று நீரைச் சோதித்துப் பார்த்தவள் நான். வேண்டாம், சாப்பிடும் நேரத்தில் படித்தாலும் படிப்பீர்கள். வசதி இருப்பவர்கள் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்வார்கள், இல்லாதவர்கள் பாடு என்ன ஆகும் என்று அந்தத் தீர்மானத்தில் ஒரு வரி கூட இல்லை.

இனித்தான் நம் வீட்டுக் கதை. நம் வாசலில் கேன்காரர் தோளில் கேனோடு நுழைவதைப் போட்டோ எடுத்து யாரோ ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். "லேப் அம்மா வீட்டுக்கே கேன் தண்ணி! நமக்கு மட்டும் சாக்கடையா?" என்று கீழே எழுதியிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. படத்தை ஒட்டுப்போட்டுச் செய்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். மேலதிகாரி அறையில் எல்லோர் முன்னாலும், "என் வீட்டுக்குள்ளே கேன் வந்ததுன்னு காட்டுங்க, நான் வேலையை விட்டுடறேன்" என்று சவால் விட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அதையே கூட்டத்தில் மேடையேறிச் சொல்லுங்கள், நம் ரிப்போர்ட் எல்லாவற்றையும்விட அதுதான் எடுபடும் என்றார்.

வீட்டுக்கு வந்து துணி துவைக்கும் இடத்தில் சோப்பு தேடினேன். பழைய போர்வைக்கு அடியில் கேன் இருந்தது. ஒன்று காலி, ஒன்று பாதி. வாயாடியின் பள்ளிப் பாட்டிலுக்குள் விடுகிற புனலும் பக்கத்திலேயே இருந்தது.

எங்கள் லேப் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாம்பிள் எடுக்கிறவர் அதே குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டுத்தான் நகர வேண்டும். சட்டத்தில் இல்லை, நாங்களாக வைத்துக்கொண்டது. அப்படித் தினமும் குடிப்பவளின் வீட்டில் எனக்கே தெரியாமல் கேன். அத்தையிடம் கேட்டேன். சத்தியமாகக் கத்தவில்லை. "நான்தான் வாங்கினேன், என்னை விடும்மா" என்றார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் என்னைக் கேட்டு வாங்குகிற அத்தைக்கு இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது என்றுதான் விளங்கவில்லை.

அதனால் உங்களிடம் வருகிறேன். உங்கள் பேச்சை அத்தை தட்டமாட்டார். கப்பலில் நீங்கள் குடிப்பது கடல் நீரைக் காய்ச்சி வடித்த தண்ணீர், அந்த இயந்திரத்தைக் கழற்றி மாட்டுவதே நீங்கள்தான் என்று எடுத்துச் சொல்லுங்கள். மகன் உயிரை இயந்திரத் தண்ணீர் காப்பாற்றுகிறது என்றால் பேத்தியை மட்டும் என்ன செய்துவிடும்? நீங்கள் ஒருவர்தான் ஒவ்வொரு போனிலும் "தண்ணி எப்படி இருக்கு" என்று மறக்காமல் கேட்கிறீர்கள். என் வேலையின் மேல் அவ்வளவு அக்கறை உள்ளவர் இந்த வீட்டில் இன்னொருவர் இல்லை.

கூட்டத்தில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். சீக்கிரம் அத்தையிடம் பேசுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
லேப் அம்மா



அன்புள்ள உங்களுக்கு,

நலம். என் முந்தைய கடிதம் கிடைத்ததோ இல்லையோ தெரியாது. நீங்கள் போன் செய்ததாக அத்தை சொன்னார். அதற்கடுத்து வந்ததை நான் எடுக்கவில்லை. நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

வாயாடியின் பக்கத்தில் உட்காரும் பெண்ணை உங்களுக்குத் தெரியும், போன லீவில் நீங்கள் ஒல்லிக்குச்சி என்று பெயர் வைத்தீர்களே, அவளேதான். வாந்தி பேதியாகி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பள்ளிக் குழாய் பூட்டு. வீட்டில் கேன் வாங்க வழியில்லை. பள்ளிக்குப் பின்னால் கட்டடம் கட்டுகிறார்களே, அங்கே சிமெண்ட் கலக்க வைத்திருக்கும் தொட்டியில் மொண்டு குடித்திருக்கிறாள். குழாயைப் பூட்டிய பிறகு இப்படிப் பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பதாக நர்ஸ் சொன்னார். ஒல்லிக்குச்சி இப்போது தேறிவிட்டாள், பயப்படாதீர்கள்.

வாயாடியையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். கையில் ஊசி குத்தி, பாட்டில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. "உங்க பாப்பா என்ன தண்ணிம்மா குடிக்குது, சொல்லுங்க, அதையே இவளுக்கும் குடுக்கிறேன்" என்று அவளுடைய அம்மா கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நம் பிள்ளை முந்திக்கொண்டு, "எங்க அம்மா தண்ணிதான் ஆன்ட்டி" என்றாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

திரும்பும் வழியில் அவளிடம் கேன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பொய் சொல்லிப் பழகும் வயது அவளுக்கு இன்னும் வரவில்லை, என்னால் வர வேண்டாம். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, "அப்ப நான் சண்டை போட்டதெல்லாம் பொய்யாம்மா? உன் தண்ணிய நீயே எனக்குக் குடுக்கலையா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாதுடி என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. வீடு வரைக்கும் ஒரு பேச்சு இல்லை. வாயாடி பேசாமல் வந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் அவள் அழுததைப் பார்த்ததும் அத்தை உடைந்துவிட்டார். "நானா எதுவும் செய்யலைம்மா. புள்ளைக்கு வயித்து வலின்னு நீ வீட்ல இல்லாதப்ப போன்ல சொன்னேன், அவன் பதறிட்டான். கேன் வாங்கிக் குடுங்க, உனக்குத் தெரிய வேண்டாம், நீ மனசு கஷ்டப்படுவேன்னு சொன்னான்" என்றார். இத்தனை நாளும் மகனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறார்.

அந்த வயிற்று வலி பச்சைக் கொய்யாவால் வந்தது. டாக்டரே சொன்னார். நீங்கள் என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கமாட்டேன், முன் கடிதத்தில் உங்கள் அக்கறையைப் புகழ்ந்து எழுதியதை நினைத்து வெட்கமும் வந்தது. ஒவ்வொரு முறையும் தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்களே, நீங்கள் என் வேலையைக் கேட்கவில்லை, பயத்தைக் கேட்டிருக்கிறீர்கள். தையல்கடைக்காரர் நம்பாவிட்டால் போகிறார். தலைமையாசிரியைக்கு ஆயிரம் நெருக்கடி. அவர்களோடெல்லாம் சண்டை போடத் தெம்பு இருந்ததற்குக் காரணம், கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் என்னை நம்புகிறார் என்று நினைத்ததுதான்.

பிறகு ஒரு நாள் சாம்பிள் எடுத்துக்கொண்டிருக்கும்போது வேறு மாதிரியும் தோன்றியது. பிள்ளைக்கு வலி என்று கேட்டு, ஓடி வர முடியாத தூரத்தில், சுற்றிலும் தண்ணீராக இருக்கிற இடத்தில் நீங்கள் எப்படித் தவித்திருப்பீர்கள்? ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் தவிக்கிறார்கள். நான் இதுவரை அவர்களை முட்டாள்கள் என்றே திட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தையையும் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். மேலதிகாரியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, சொன்னால் மேடையேற விடமாட்டார். என் வீட்டில் கேன் இருந்தது உண்மை என்றேன். கூடத்தில் சிரிப்பும் விசிலும் அடங்க வெகுநேரம் ஆயிற்று. என் வீட்டிலேயே ஒருவருக்குப் பயம் இருந்திருக்கிறது, அதை என்னிடம் கேட்க முடியாதபடி நான் நடந்துகொண்டிருக்கிறேன், லேபை ஒரு தடவை காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோம், இனிமேல் யார் வேண்டுமானாலும் வந்து தன் கையாலேயே சாம்பிள் எடுக்கட்டும் என்றேன். ஒல்லிக்குச்சியைப் பற்றியும் சொன்னேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. தையல்கடைக்காரர் எழுந்து, "கேன் போடச் சொன்னது யாரு, அதைச் சொல்லுங்க" என்றார். முன் வரிசையில் அத்தை தலையைக் குனிந்துகொண்டார். அது எங்கள் குடும்ப விஷயம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். மூடமாட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. பள்ளிப் பூட்டு இன்னும் அப்படியே தொங்குகிறது. மேலதிகாரி என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. வேலையை விடுவதாகச் சொன்னதை அவர் ஞாபகப்படுத்துவாரோ என்று தினமும் பயந்துகொண்டே போகிறேன். சாம்பிள் எடுக்க இதுவரை வந்தவர் ஒரே ஒருவர், ஒல்லிக்குச்சியின் அம்மா.

அத்தை இப்போது குழாய்த் தண்ணீர்தான் குடிக்கிறார். குடிக்கும் முன்னால் டம்ளருக்குள் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார். பார்க்கட்டும். வாயாடி மட்டும் குழாய், கேன் இரண்டையும் தொடுவதில்லை. அப்பா வரட்டும், அப்பா என்ன குடிக்கிறாரோ அதையே நானும் குடிக்கிறேன் என்கிறாள். அதுவரை வெந்நீர் வைத்து, ஆற்றிக் கெஞ்சிக் கொடுக்கிறேன்.

லீவு கிடைத்துவிட்டது என்று அத்தையிடம் சொன்னீர்களாம். நல்லபடியாக வந்து சேருங்கள். விளக்கமும் மன்னிப்பும் எனக்கு வேண்டாம், வாசலில் நின்று எதையும் பேச வேண்டாம். சாப்பாட்டு மேசையில் ஒரு டம்ளர் வைத்திருப்பேன், குழாயில் பிடித்தது. பிள்ளை உங்களையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கப்பலை விட்டு இறங்கிய பிறகு வழியில் எங்கேயும் எதையும் வாங்கிக் குடித்துவிடாதீர்கள். தாகத்தோடு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி