கடலுக்குள் போன மேஜை

வியாழக்கிழமை, பிப்ரவரி 14

அன்பு மகள் மிரெயாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்பதை முதலில் எழுது. அங்கே வால்பரைசோவில் இப்போது கோடைகாலம், நல்ல வெயிலாக இருக்கும். இங்கே ஐந்து நாளாக வடகாற்று வீசுகிறது. நேற்று பக்கத்து வீட்டு மாடியில் காயப்போட்ட போர்வை துறைமுகத்தில் போய் விழுந்தது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். இது அவர் காதில் விழக்கூடாத சங்கதி. அவர் எதிரில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைக்குச் சீட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்குப் பார்வையின் நடுவில் இருந்த கறுப்பு வட்டம் இப்போது பெரிதாகிவிட்டது. ஓரத்தில் இருப்பது மட்டும்தான் தெரிகிறதாம். என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்க்கிறார்.

கண் போன பிறகுதான் படங்களை எல்லாம் ஊருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. ரோவிராவின் படங்கள் நாற்பத்தொன்று. நீ பிறப்பதற்கு முன்பிருந்து சேர்த்தவை. உலகமே கொண்டாடுகிற கனவு ஓவியர் ரோவிரா நம் கரையில் பிறந்தவர் என்பதில் உன் அப்பாவுக்கு இருக்கிற பெருமை, ரோவிராவைப் பெற்றவளுக்குக்கூட இருந்திருக்காது. இரும்புக்கடையில் குழாய்களுக்கும் பூட்டுகளுக்கும் நடுவில் மாட்டியது போக மீதியெல்லாம் வீட்டில். உனக்கு நினைவிருக்கும், நம் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் எல்லை தாண்டி பெர்பிஞ்ஞான் நகரத்துக்குப் போய்ப் படக்கடைகளில் கழிந்தன. நீ காரிலேயே தூங்குவாய். அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வெயில் பட்டால் மை வெளுத்துவிடும் என்று நாற்பத்தாறு வருடமாக இந்த வீட்டில் சன்னல் திறந்ததில்லை. கடலை ஒட்டிய வீட்டில் குடியிருந்தும் கடலைப் பார்க்க நான் தெருவுக்குப் போக வேண்டும். எண்ணெய்ப் புகை காகிதத்துக்கு ஆகாது என்று மத்தி மீனை மொட்டைமாடியில் அடுப்பு வைத்துப் பொரித்தேன். வடகாற்றில் மொட்டைமாடியில் மீன் பொரித்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. சலித்துவிட்டது, அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை ரோவிரா அறக்கட்டளையிலிருந்து ஒரு நிபுணர் வந்தாள். கசதேவால் என்று பெயர், உன் வயதுதான் இருக்கும். நகராட்சி அருங்காட்சியகத்தில் உன் அப்பா பெயரில் ஒரு அறை ஒதுக்குவதாகப் பேச்சு. எந்தப் படங்களை ஏற்றுக்கொள்ளலாம் என்று அவள்தான் சொல்ல வேண்டும். உன் அப்பா காலையிலேயே கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சட்டத்திலிருந்து கழற்றி, விளக்கில் பிடித்துப் பார்த்து, இடப்பக்கம் ஒரு அடுக்கு வைத்தாள். வலப்பக்கம் ஒன்றுமே வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பது படங்கள் இடப்பக்கம் போய்விட்டன.

அவள் நல்லவள். சொல்லத் தயங்கினாள். கடைசியில், "ஐயா, கையெழுத்து எல்லாம் ரோவிராவோடதுதான். சந்தேகமே இல்ல. ஆனா அவர் வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவார், கட்டுக்கட்டா. அதுக்கு மேல யார் யாரோ, அவர் பார்க்காத படத்தையெல்லாம் அச்சடிச்சுட்டாங்க. இதுல எதையும் என்னால அவர் படம்னு சொல்ல முடியாது" என்றாள். உன் அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. "பரவாயில்ல, உங்க வேலையை நீங்க செய்யுங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு சுவரைத் தடவிக்கொண்டே படுக்கையறைக்குப் போய், கட்டிலுக்கு மேல் மாட்டியிருந்த நாற்பத்தோராவது படத்தை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

எந்தப் படம் என்று உனக்குத் தெரியும். அச்சு அல்ல, கையால் வரைந்தது. சாப்பாடு பரிமாறிய மேஜை ஒன்று, விரிப்பும் தட்டுகளுமாக, நான்கு காலால் நடந்து கடலுக்குள் போகிறது. கரையில் ஒருத்தி கரண்டியோடு நிற்கிறாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் உன் அப்பா அதை விளக்கிக் கேட்டுத்தானே நீ வளர்ந்தாய். மேஜை என்பது ஐரோப்பா, அந்தப் பெண் சரித்திரம், கரண்டி என்பது என்னவோ, எனக்கு இப்போது மறந்துவிட்டது. அவர் விளக்கும்போதெல்லாம் நான் காபி எடுத்து வருவேன்.

கசதேவால் அந்தப் படத்தை அரைமணி நேரம் பார்த்தாள். "இது அவர்தான்" என்றாள். "கோடெல்லாம் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாச் சாயுது பாருங்க. இந்த வகைத் தாள் வந்த வருஷம் அவருக்கு வலது மணிக்கட்டு முறிஞ்சிருந்தது. இடது கையால போட்டிருக்கார். இதை வேற யாராலயும் வரைஞ்சிருக்க முடியாது" என்றாள். உன் அப்பா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

இந்த ஒரு படம் போதும், அறை கிடைக்கும். வாசலில் அவர் பெயரைப் பொறிப்பார்கள். ஆனால் படம் எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று ஒரு வாக்குமூலம் வேண்டுமாம். கொண்டுவந்தவள் நான் என்பதால் நான்தான் எழுதிக் கையெழுத்திட வேண்டும். திங்கட்கிழமைக்குள் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தாள் இதோ உப்பு ஜாடிக்குக் கீழே கிடக்கிறது.

மிரெயா, அந்தப் படத்தை வரைந்தது நான்.

எழுதிவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, பாவமன்னிப்புக் கூண்டில்கூட. கல்யாணத்துக்கு முன் நான் ஃபிகெரெஸ் நகரத்தில் ஒரு அச்சகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். ரோவிராவின் வீட்டிலிருந்து வெற்றுத் தாள்கள் கட்டாக வரும், வலது கீழ் மூலையில் கையெழுத்தோடு. ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் மெல்லிய காகிதம் வைப்பது என் வேலை. அதோடு பட்டறை ஆட்கள் ஆறு பேருக்கும் மதியச் சமையல். ஒரு தாளின் ஓரம் மடங்கிப்போயிருந்தது. மேஸ்திரி, "அடுப்புல போடு" என்றார். எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவு நல்ல தாள். வீட்டுக்கு எடுத்துப்போய் வரைந்தேன். ஆறு பேருக்குப் பரிமாறிக் களைத்துப்போன நாள் அது. இந்த மேஜை தானாகவே எழுந்து எங்காவது போய்த் தொலைந்தால் என்ன என்று தோன்றியது. வேறு அர்த்தம் ஒன்றும் கிடையாது. கரையில் நிற்பது சரித்திரம் இல்லை, நான்தான்.

கல்யாணமாகிப் பதினோராம் நாள், துணிப் பெட்டியில் போர்வைக்கு அடியில் உன் அப்பா அதைக் கண்டெடுத்தார். அதுவரை அவரிடம் இருந்ததெல்லாம் ரோவிராவின் படம் அச்சடித்த தபால் அட்டைகள்தான். "இது எங்கேருந்து வந்துச்சு லாலியா?" என்று கேட்டார். "அச்சகத்துலேருந்து" என்றேன். தாளைத்தான் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். ஆண்பிள்ளை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் அடங்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் அவர் தன் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினார். அதற்கு மறுநாள் பாதிரியாரை. அதற்கப்புறம் சொல்வதற்கு ஒரு நாள் வாய்க்கவே இல்லை.

ஒரு தடவை முயன்றேன். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாய். வேறொரு படம் வரைந்து, என் பெயரைச் சொல்லியே காட்டினேன். குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் மீன்கள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கை எல்லாருக்கும் வருமா?" என்றார். திட்டவில்லை, கேலி செய்யவில்லை. மறுநாள் பார்த்தால், கடைக்கு வர வேண்டிய ஆணி, திருகுப் பட்டியலை அதன் பின்பக்கம் எழுதியிருந்தார். அதோடு பென்சிலை வைத்துவிட்டேன்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. நீ பிறந்தபோது மூன்று நாள் கடையை மூடிவிட்டு என் பக்கத்திலேயே இருந்தவர். ஆனால் நாற்பத்தாறு வருடம் அவர் எதிரில் நின்று இடது கையால் சூப் ஊற்றியிருக்கிறேன், மிரெயா. அந்த நிபுணர் இடது கை என்று சொன்னபோதுகூட மதியச் சூப்பை அந்தக் கையால்தான் தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை

மூன்று நாள் இந்தக் கடிதம் மாவு டப்பாவுக்குள் கிடந்தது. முதலில் நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் உன் பதில் வருவதற்குள் திங்கட்கிழமை போய்விடும்.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். "அந்த மேஜைப் படத்தை வரைஞ்சது நான்தான்னு சொன்னா என்ன செய்வீங்க?" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்ப நான்தான் போப்பாண்டவர்" என்றார். பிறகு, "நீ வரைஞ்சிருந்தா மேஜையைக் கடலுக்கு விட்டிருக்க மாட்ட லாலியா. இழுத்துப் பிடிச்சுத் துடைச்சுட்டுத்தான் விடுவ" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அசதிதான் வந்தது. இன்னொரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார், என் குரல் அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. நாற்பது படங்களை ஒரே மதியத்தில் இழந்தவரிடமிருந்து நாற்பத்தோராவதையும் பிடுங்க என்னால் ஆகாது.

இன்று காலை வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டேன். "நான் வேலை பார்த்த அச்சகத்திலிருந்து வந்தது" என்று ஒரே வரி. கல்யாணமான புதிதில் சொன்ன அதே பதில்.

மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அறையைத் திறக்கிறார்கள். இடுப்பு வலியோடு அத்தனை தூரம் விமானத்தில் உட்கார்ந்து வா என்று கேட்பது நியாயம் இல்லை. இருந்தாலும் வா. அப்பாவைக் கையைப் பிடித்து நீதான் உள்ளே அழைத்துப் போக வேண்டும். படத்தின் முன்னால் நின்று அவர் விளக்குவார். ஐரோப்பா என்பார், சரித்திரம் என்பார். குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டுக்கொள். அவர் சந்தோஷமாக இருக்கட்டும். நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் தினசரிப் பிரார்த்தனை.

அந்தப் படம் நன்றாக இருக்கிறது என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என்னிடம் யாரும் சொன்னதில்லை. நான் ஓரமாக எங்காவது நின்றுகொண்டிருப்பேன். எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று நீ ஒருமுறை என்னிடம் சொல். நன்றாக இல்லை என்று தோன்றினால் அதையே சொல்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா,
எவ்லாலியா