ஹப்பை விடாத சக்கரம்

இன்று காலை பக்கத்து வாட்டர் சர்வீஸில் ஒரு சிமெண்ட் லாரிக்கு ஆசிட் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த நெடி என் பஞ்சர் கடைக்குள் நுழைந்ததுமே உன்மேல் கோபம் வந்துவிட்டது. செத்தவனைத் திட்டக் கூடாதாம். நான் திட்டத்தான் போகிறேன்.

உன் லாரிக்கு அலாய் வீல் போட்ட அன்று பெரம்பலூர் முழுக்கக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாய். "எடை கம்மி மாப்ள. மொகம் பாத்து மீசையும் முறுக்கிக்கலாம்" என்றாய். "ஒம் மூஞ்சியப் பாத்தா வீலு கறுத்துப்புடும்டா" என்றேன்.

அரியலூரில் லோடு ஏற்றும்போதெல்லாம் சக்கரத்தில் சிமெண்ட் படியும். அதைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்ப்பாய். வெளியே பளபளப்பு. ஊற்றியதோ உள்ளே இறங்கி, அச்சு முனையில் சக்கரத்தைத் தாங்குகிற இரும்பு ஹப்பும் அலுமினியச் சக்கரமும் சேருகிற இடத்தில் வெள்ளையாகப் பூத்து இரண்டையும் ஒட்டவைத்துக்கொண்டிருந்தது.

"வீலக் கழட்டுறப்பல்லாம் ஹப்ப கம்பி பிரஷ்ஷால தேச்சி, ஒட்டாம இருக்க மெல்லிசா பேஸ்ட் பூசுடா" என்று எத்தனை முறை சொன்னேன்!

"மாப்பிள்ளைக்கு மூஞ்சிக்குத்தானடா பவுடரு? முதுவுக்குமா?" என்றாய். கடையே சிரித்தது. எனக்கு மட்டும் எரிந்தது.

ஆண்டிமடம் பக்கம் டயர் வெடித்து நின்றபோது போன் செய்தாய். "நட்டெல்லாம் கழட்டிட்டேன், வீலு அசைய மாட்டேங்குது மாப்ள. அடியில பூந்து சம்மட்டியால ஒரு போடு போட்டா வந்துரும்."

"ஜாக்கிய நம்பி அடியில போவாதடா. முட்டுக் கொடுக்க கட்டை கொண்டாறேன். அதுவரைக்கும் போயி டீ குடி."

"ஒனக்கும் சேத்து டீ சொல்லி வைக்கிறேன், வா."

நான் போனபோது ஜாக்கி சரிந்து கிடந்தது. உன்னை வெளியே எடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். அந்தச் சக்கரம் ஹப்பை விட்டு இம்மியும் நகரவில்லை.

சாவு வீட்டு வாசலில் உன் லாரிக்கும் மாலை போட்டிருந்தார்கள். "வண்டிய கண்ணாடியாட்டம் வச்சிருந்தான்" என்று யாரோ பெருமை பேசினார்கள். எழுந்து போய் அந்த மாலையை அறுத்துப் போட்டேன்.

இப்போது உன் தம்பிதான் அந்த லாரியை ஓட்டுகிறான். போன வாரம் டயர் மாற்ற வந்தவன், "லோடு நிக்குதுண்ணே, அப்புடியே மாட்டி வுடுங்க" என்றான். உன் அவசரம் அப்படியே. சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஹப்பில் இரும்பு தெரியும்வரை தேய்த்தேன், திட்டிக்கொண்டே. போல்ட் மரையில் படாமல் பேஸ்ட் பூசி, நட்டு முடுக்கிய பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

"எங்கண்ணனையும் இப்புடித்தான் திட்டுவீங்களாண்ணே?"

"இதெல்லாம் அவனோடதுதான்டா" என்றேன்.

நீ இருந்திருந்தால் மொத்தமும் உனக்கே கிடைத்திருக்கும். இப்போது இந்த ரோட்டில் வருகிற டிரைவருக்கெல்லாம் பங்கு வைக்கிறேன். வைக்க வைக்கக் குறையவே மாட்டேன் என்கிறது, மாப்ள.