விளிம்பில் தெரிந்த மீசை

மாப்பிள்ளை,

இன்று காலை நான் வெட்டிய கறுப்பு அக்ரிலிக் பலகையின் விளிம்பில் முகம் பார்த்துத்தான் ஷேவ் செய்தேன். விரல் பருமன்கூட இல்லாத விளிம்பு! நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று வீட்டுக் கண்ணாடிகளை எல்லாம் அலமாரியில் பூட்டிவிட்டு, சாவியோடு கிளம்புகிறேன். தன் பெயர்ப்பலகைக்கு மாதிரி பார்க்கப் பல் டாக்டர் இங்கே வருகிறார். தாடியோடு நிற்பது உங்கள் இஷ்டம்.

"ரிட்டயர் ஆனவங்க மெஷின் பக்கம் வரக்கூடாது மாமா" என்று நேற்று என் மகள் எதிரிலேயே சொன்னீர்களே, நன்றாக இருங்கள். லேசரில் வெட்டும்போது காற்றை முழு வேகத்தில் ஊதவிட்டீர்கள். உருகிய விளிம்பு வழவழப்பாகும் முன்பே ஆறி வெளுத்தது. அதை மறைக்க ஸ்பிரிட் போட்டுத் துடைத்தீர்கள், மயிரிழையாக வெடித்தது. நான் காற்றைக் குறைத்தேன், லேசரை மெதுவாக ஓடவிட்டேன், பலகை தீப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அவ்வளவுதான் வித்தை.

கட்டிலுக்கடியில் நீங்கள் ஒளித்த வெடித்த பலகைகளை, டாக்டர் வந்து உட்காரப்போகும் நாற்காலிக்கு எதிரே அழகாக அடுக்கியிருக்கிறேன்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. தட்டையாவது ஸ்பிரிட் இல்லாமல் கழுவுங்கள்.

மறந்துவிட்டேன்: என் பலகை மேசைமேல் இருக்கிறது. வெட்டியது யார் என்று டாக்டருக்குப் போனில் சொல்லியாகிவிட்டது.

மாமா

(கீழே, மாப்பிள்ளையின் கையெழுத்தில்)

மாமா, ஆர்டர் கிடைச்சாச்சு. நீங்கதான் வெட்டணும்னு டாக்டர் சொல்லிட்டார். கண்ணாடி இல்லாம உங்க பலகை விளிம்பைப் பார்த்துத்தான் ஷேவ் பண்ணேன். ஒரு தடவைக்கு மீசை அளவுதான் தெரிஞ்சுது. ஆனா, தெரிஞ்சுது.